ஓர் எழுத்துப் பிழையை எந்த இதயத்தில் வைத்துச் சோதிப்பது?

மரபணுப் பரிசோதனை அறிக்கை மேசைக்கு வருகிறது. இரத்த அழுத்தமோ வால்வுக் கோளாறோ இல்லாமலே இதயச்சுவர் தடித்துப்போன ஒருவருடைய அறிக்கை. இதயத்தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவருடைய தம்பிக்கும் அதே மாற்றம் இருக்கிறது. ஆனால் தம்பியின் எக்கோவில் எந்தக் குறையும் இல்லை. 'பொருள் உறுதிசெய்யப்படாத மாற்றம்' என்று அறிக்கை முடிகிறது. இதயநோய் மரபியலில் வேலை செய்கிற எவரும் இந்த வரியைப் பலமுறை படித்திருப்பார்கள். தம்பி ஓட்டப் பந்தயத்தில் ஓடலாமா, அவருடைய பிள்ளைகளை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டுமா என்ற கேள்விகள் எல்லாம் அந்த வரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

விடை வேண்டுமென்றால், அந்த எழுத்தை உயிருள்ள, துடிக்கிற ஒன்றுக்குள் எழுதிப் பார்க்க வேண்டும். டிஎன்ஏவை வெட்டி வேறொரு டிஎன்ஏவோடு ஒட்டும் நுட்பம் 1972-73ஆம் ஆண்டுகளில் பால் பெர்க், ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் ஆகியோரின் கைகளில் பிறந்தது. டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவி 2012இல் வந்த பிறகு, எழுதுவது பெரிய வேலையாகவே இல்லை. எதற்குள் எழுதுவது என்பதுதான் இப்போது கடினமான கேள்வி. எலிக்குஞ்சின் இதயச் செல், மரபணு மாற்றிய சுண்டெலி, வரிக்குதிரை மீன், வேறு செல்லாக மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இதயச் செல் என்று நான்கு வழிகள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. ஓர் ஆய்வு மாணவரின் மூன்று நான்கு ஆண்டுகள் இந்த ஒரு தேர்வில் அடங்கியிருக்கின்றன. ஆனால் பல ஆய்வகங்களில் இந்தத் தேர்வு நடப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம். சுண்டெலிக்கூடம் இருக்கும் இடத்தில் விடை சுண்டெலி. மீன்தொட்டி இருக்கும் இடத்தில் விடை மீன். மரபணு என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி கடைசியில் வருகிறது. அது முதலில் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் உரைகல் வேண்டும். எனக்கு அது 403ஆம் இடம். பரம்பரையாக வரும் இதயச்சுவர்த் தடிப்பு நோய்க்கான காரணம் 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதைக் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தை வைத்து, கிறிஸ்டின் சைட்மன், ஜொனதன் சைட்மன் ஆகியோரின் குழு 1989இல் காட்டியது. அடுத்த ஆண்டே பிழை பிடிபட்டது. இதயத்தசையைச் சுருக்கும் பீட்டா மயோசின் என்ற கனச்சங்கிலிப் புரதத்தின் 403ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே குளூட்டமின் இருந்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த ஒரு பிழையைச் சுண்டெலியிலும் முயலிலும் தட்டில் வளரும் செல்லிலும் எழுதிப் பார்த்து வருகிறார்கள். எந்த வழி எங்கே உண்மை சொல்லும், எங்கே ஏமாற்றும் என்பதை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எனக்குத் தெரியாது.

முதலில் எலிக்குஞ்சின் செல். பிறந்து ஒன்றிரண்டு நாளான குஞ்சின் கீழறையிலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டில் இட்டால், மறுநாள் அவை தாமாகவே துடிக்கின்றன. மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் ஏற்றிச் சும்மா ஊற்றினால் இந்தச் செல்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அடினோவைரஸில் ஏற்றிக் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஏற்றுக்கொள்ளும். செல்லை வளரத் தூண்டும் பினைல்எஃப்ரின் என்ற மருந்தைச் சேர்த்தால் ஓரிரு நாளில் செல் பருக்கும். ஆகவே 'இந்தப் புரதம் பருமனாக்கும் சமிக்ஞைச் சங்கிலியில் எந்தக் கண்ணி' என்ற கேள்விக்கு இரண்டு வாரத்தில் விடை கிடைத்துவிடும். 403 போன்ற கேள்விக்கு இது ஏற்றதல்ல. செல்லின் சொந்த மயோசின் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. நாம் கொடுப்பது அதன்மேல் ஏறி உட்காருகிறது. எவ்வளவு ஏறியது என்பது வைரஸின் அளவைப் பொறுத்தது. நோயாளியின் உடலிலோ நல்ல பிரதி ஒன்று, பிழையான பிரதி ஒன்று என்று சரிபாதி இருக்கிறது. இதை வடிகட்டியாக மட்டும் பயன்படுத்தலாம். தீர்ப்பு எழுதப் பயன்படுத்தக் கூடாது.

சுண்டெலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்குத் தெரிந்த இதய மரபியலில் பெரும்பகுதி சுண்டெலி தந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் குறிவைத்து மாற்றும் முறைக்காக மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறையில்தான் 1996இல் 403 பிழை சுண்டெலிக்குள் எழுதப்பட்டது. ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ள சுண்டெலிக்கு, மனிதர்களைப் போலவே, வயது ஏற ஏறச் சுவர் தடித்தது. தசைநார்கள் ஒழுங்கு குலைந்தன. இடையே நார்த்திசு படர்ந்தது. இரண்டு பிரதியிலும் பிழை உள்ள குட்டிகள் பிறந்து ஒரு வாரத்துக்குள் இறந்தன. முழு உடல், முழு வாழ்நாள், இரத்த ஓட்டம், வயது, ஆண் பெண் வேறுபாடு எல்லாம் சேர்ந்த ஒரு விடை இது. எந்தச் செல் தட்டும் இதைத் தராது.

ஆனால் அந்தச் சுண்டெலியில் ஓர் உறுத்தல் இருக்கிறது. மனிதனின் கீழறை பெரும்பாலும் பீட்டா மயோசினால் இயங்குகிறது. வளர்ந்த சுண்டெலியின் கீழறை ஆல்பா மயோசினால் இயங்குகிறது. இரண்டும் நெருங்கிய உறவுப் புரதங்கள்தாம். ஆனால் ஆல்பா வேகமானது. நிமிடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கும் இதயத்துக்கு அந்த வேகம் தேவை. ஆகவே 1996ஆம் ஆண்டுச் சுண்டெலியில் பிழை எழுதப்பட்டது ஆல்பாவின் 403ஆம் இடத்தில். இது வெறும் பெயர் வேறுபாடா? இல்லை. 2008இல் வெளியான அளவீடுகளில், அதே பிழை ஆல்பா சட்டகத்தில் இருக்கும்போது மயோசின், தசை சுருங்கும்போது தான் இழுக்கும் ஆக்டின் இழையை வழக்கத்தைவிட வேகமாக நகர்த்தியது. பீட்டா சட்டகத்தில் அந்த வேகக் கூடுதல் தெரியவில்லை. ஒரே பிழை, இரண்டு புரதம், இரண்டு நடத்தை. 'இந்தப் பிழை மயோசினை முடுக்கிவிடுகிறது' என்று சுண்டெலியை மட்டும் வைத்து எழுதியவர்கள் பாதி உண்மையைத்தான் எழுதினார்கள்.

அதற்காகச் சுண்டெலியைத் தள்ளிவிட முடியாது. மயோசினின் வேலையைச் சற்றுத் தணிக்கும் மாவகாம்டென் என்ற மருந்து, 403 உள்ளிட்ட பிழைகளைச் சுமந்த சுண்டெலிகளில் சுவர் தடிப்பதைத் தடுத்தது என்று 2016இல் காட்டப்பட்டது. 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மனிதர்களுக்கு அனுமதித்தது. சட்டகம் வேறாக இருந்தும் வழி சரியாக இருந்தது. எனக்கு இதிலிருந்து புரிந்தது இதுதான்: மூலக்கூறு நுணுக்கத்தில் சுண்டெலி பிசகலாம், தசை அளவுக்கு மீறி உழைத்தால் ஆண்டுக்கணக்கில் இதயம் என்ன ஆகும் என்ற கேள்வியில் அது நம்பத்தக்கது.

மின்னோட்டம் தொடர்பான கேள்வி என்றால் நிலைமை வேறு. மனித இதயச் செல்லின் ஒரு மின்துடிப்பு ஏறக்குறைய 300 மில்லி விநாடி நீள்கிறது. நடுவே நீண்ட சமதளம் ஒன்று உண்டு. சுண்டெலியில் அந்தச் சமதளமே இல்லை என்று சொல்லிவிடலாம். துடிப்பை முடித்துவைக்கும் பொட்டாசியம் வாயில்களும் வேறு. இதயம் ஒவ்வொரு மின்துடிப்பிலிருந்தும் மீள வழக்கத்தைவிட நேரமெடுக்கும் நீண்ட கியூடி நோய்க்குக் காரணமாகும் வாயில்களில் முக்கியமான சில, வளர்ந்த சுண்டெலியின் இதயத்தில் பெரிய பங்கு வகிப்பதில்லை. அங்கே பிழையை எழுதிவிட்டு 'பாதிப்பு ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டுவது, ஊமையிடம் பாட்டுக் கேட்டுவிட்டுப் பாட்டே இல்லை என்பதற்குச் சமம். இந்தத் துறையில் முயல் மிக நல்ல துணை. அதன் கீழறையில் பீட்டா மயோசின் இருக்கிறது. மின்துடிப்பின் வடிவமும் மனிதனுக்கு நெருக்கம். 1999இல் 403 பிழையைச் சுமந்த முயல் வந்தது. 2008இல் நீண்ட கியூடி முயல்கள் வந்தன, அவற்றில் ஒரு வகை மனிதர்களைப் போலவே திடீரென்று இறந்தன. ஆனால் முயலை வளர்க்க இடமும் காலமும் அதிகம் வேண்டும். மரபணு மாற்றிய முயல் வரிசைகளைப் பேணும் ஆய்வகங்கள் உலகிலேயே குறைவு.

சுண்டெலியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆல்பா மயோசின் மரபணுவின் 5.5 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் எழுத்து) நீளமுள்ள, மரபணுவை இயக்கிவிடும் புரோமோட்டர் துண்டை எந்த மரபணுவின் முன்னால் ஒட்டினாலும், அது இதயத்தசையில் கொட்டோ கொட்டென்று புரதத்தை உற்பத்தி செய்யும். 1990களில் இதய மரபியல் இந்தத் துண்டின்மேல்தான் வளர்ந்தது. அதன் வலிமையே அதன் ஆபத்து. வெறும் அடையாளத்துக்காகப் பயன்படுத்தப்படும் பச்சை ஒளிர் புரதத்தை அதே முறையில் இதயத்தில் அளவு மீறி உருவாக்கியபோது, சுண்டெலிகளின் இதயம் விரிந்து செயலிழந்தது என்று 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. எந்தத் தீங்கும் செய்யாத ஒரு புரதமே போதும். குறிப்பிட்ட செல்லில் மட்டும் மரபணுவை வெட்டியெடுக்கப் பயன்படும் கிரீ என்ற நொதியும் இதயத்தசையில் நீண்டநாள் இருந்தால் தனியாகவே சேதம் செய்கிறது.

இதை நான் நேரில் அனுபவித்தேன். பிழையான மரபணுவைச் சுமந்த என் முதல் சுண்டெலி வரிசைக்கு ஐந்தாம் மாதத்தில் இதயம் பெருத்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம். சரியான மரபணுவை அதே அளவில் சுமந்த ஒப்பீட்டு வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தேன். அது வளர்ந்து ஐந்து மாதம் ஆனபோது அந்த இதயங்களும் அதே அளவுக்குப் பெருத்திருந்தன. ஒன்றரை ஆண்டு உழைப்பு அன்று முடிந்தது. அன்றிலிருந்து ஒரு விதியை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை: பிழையைச் சுண்டெலியின் சொந்த மரபணுவில், அதன் சொந்த இடத்தில் எழுத வேண்டும், மேலே கூடுதலாக ஏற்றக் கூடாது. கிரிஸ்பர் இருக்கும் காலத்தில் பழைய வழிக்குச் சாக்கு இல்லை.

வரிக்குதிரை மீனிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கருவுற்று ஏறக்குறைய 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. கரு கண்ணாடி போலிருப்பதால் அதை வெட்டாமல், தொடாமல் பார்க்கலாம். இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. சுண்டெலிக் கருவில் இதயம் வேலை செய்யவில்லை என்றால் கரு பத்தாம் நாள் வாக்கில் இறந்துவிடும். என்ன கெட்டது என்று பார்ப்பதற்குள் எல்லாம் கெட்டிருக்கும். மீன்கரு மிகச் சிறியது. தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தோல் வழியாகவே உள்ளே போய்விடுகிறது. இதயம் ஒருமுறைகூடத் துடிக்காவிட்டாலும் சில நாள் உயிரோடு இருக்கும். 'மௌன இதயம்' என்று பெயரிடப்பட்ட மீன் அப்படித்தான் வாழ்ந்தது. அதன் குறை ட்ரோபோனின் டி என்ற புரதத்தில் என்று 2002இல் தெரிந்தது. மனிதர்களில் இதயச்சுவர்த் தடிப்பு நோய்க்குக் காரணமாகும் புரதங்களில் அதுவும் ஒன்று. மின்னோட்டத்திலும் மீன் சுண்டெலியைவிட நமக்கு நெருக்கமானது: மனிதனில் நீண்ட கியூடிக்குக் காரணமான ஒரு பொட்டாசியம் வாயில் கெட்ட மீனில், மேலறை இரண்டு முறை துடித்தால் கீழறை ஒருமுறைதான் துடிக்கிறது.

மீனின் குறைகளும் கண்ணாடிபோல் தெளிவானவை. இரண்டே அறைகள், நுரையீரல் சுற்றோட்டம் இல்லை. ஆகவே இடது வலது அறைகளுக்கு இடையே சுவர் எழும்பாத பிறவிக்கோளாறுகளை அதில் நேரடியாகப் பார்க்க முடியாது. வரிக்குதிரை மீன் சேர்ந்த டெலியோஸ்ட் என்ற மீன்பிரிவின் மூதாதையில் மரபணுத்தொகுதி ஒருமுறை முழுவதுமாக இரட்டித்தது. அதனால் நம்மிடம் ஒன்றாக இருக்கும் பல மரபணுக்கள் மீனில் இரண்டாக இருக்கின்றன. ஒன்றைக் கெடுத்தால் மற்றது கைகொடுக்கும். வளர்ந்த மீன், கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டியெடுத்தாலும் மீண்டும் வளர்த்துக்கொள்கிறது என்று 2002இல் காட்டினார்கள். அது வியக்கத்தக்க பாடம்தான்; ஆனால் நாளுக்கு நாள் நார்த்திசு ஏறித் தளரும் மனித இதயத்தை, தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் இதயத்தில் எப்படித் தேடுவது? மரபணுவைத் தற்காலிகமாக வாயடைக்கும் மார்ஃபோலினோ துண்டுகளை மட்டும் நம்பி எழுதப்பட்ட பழைய முடிவுகளையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். மரபணுவை நிரந்தரமாகக் கெடுத்த மீன்களில் அவற்றில் பல திரும்ப வரவில்லை என்று 2015இல் தெரிந்தது. சிலவற்றில் துண்டு தவறான இடத்தைத் தாக்கியிருந்தது. வேறு சிலவற்றில் நிரந்தரமாகக் கெட்ட மீன், வேறு மரபணுக்களைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டது.

நான்காவது வழி மனிதனிடமே திரும்புகிறது. 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதனிலும், வளர்ந்த தோல் செல்லை மீண்டும் ஆதிநிலைக்குக் கொண்டுபோகலாம் என்று ஷின்யா யமனகா காட்டினார். ஐபிஎஸ் என்று அழைக்கப்படும் இந்த ஸ்டெம் செல்களுக்கு வின்ட் என்ற சமிக்ஞையை முதலில் தூண்டி, இரண்டு மூன்று நாளில் அடக்கினால், பத்து நாள் வாக்கில் தட்டு துடிக்கத் தொடங்கும். நோயாளியின் சொந்த மரபணுத்தொகுதி, மனித வாயில்கள், மனித மயோசின், நல்ல பிரதி ஒன்று, பிழையான பிரதி ஒன்று என்று இயற்கை கொடுத்த அதே விகிதம். 2010இல் நீண்ட கியூடி நோயாளிகளின் செல்களில் மின்துடிப்பு நீள்வது தட்டிலேயே காணப்பட்டது. 2013இல் ஒரே குடும்பத்தின் பத்துப் பேரிடமிருந்து செல் எடுத்தார்கள்; பாதிப் பேரிடம் பீட்டா மயோசினின் 663ஆம் இடத்தில் பிழை இருந்தது. பிழையுள்ள செல்களில் கால்சியம் ஒழுங்கு தவறியது, செல் பருத்தது.

இந்த வழியின் பெரும்பலம் இணைக்கோடு. நோயாளியின் செல்லில் அந்த ஓர் எழுத்தை மட்டும் கிரிஸ்பரால் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் மற்ற எல்லா எழுத்தும் ஒன்றே. இந்தத் திருத்திய இணை இல்லாமல், நோயாளியின் செல்லையும் அந்நியர் ஒருவருடைய ஆரோக்கியமான செல்லையும் ஒப்பிட்டு வரும் கட்டுரைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு மனிதர்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, ஓர் எழுத்தின் வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடும்.

குறை என்ன? செல் குழந்தையாகவே இருக்கிறது. வளர்ந்த இதயத்தசைச் செல் அமைதியாகக் காத்திருந்து, சமிக்ஞை வந்த பிறகு சுருங்கும். இது தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். சவ்விலிருந்து செல்லுக்குள் கால்சியம் சமிக்ஞையைக் கொண்டுபோகும் டி-குழாய்கள் சரியாக உருவாவதில்லை. கொழுப்பைவிடச் சர்க்கரையை எரிக்கிறது. பீட்டா மயோசினோடு ஆல்பாவும் கலந்தே இருக்கிறது, ஆகவே 403 போன்ற பிழையை அளக்கும்போது கலப்பு எவ்வளவு என்று முதலில் பார்க்காமல் விசையை அளப்பது வீண். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் உள்ள ஏற்ற இறக்கம் மாணவர்களை அழவைக்கும். நார்த்திசு செல், இரத்தக்குழாய்ச் செல், நோயெதிர்ப்புச் செல் எதுவும் இல்லாத தட்டில் நார்த்திசுப் படர்வைத் தேட முடியாது. முப்பரிமாணத் திசுவாக வளர்த்து, இழுவிசையும் மின்தூண்டலும் கொடுத்துப் பயிற்றுவித்தால் நிலைமை மேம்படும். ஆனால் நாற்பது வயதில் தோன்றும் நோய்க்கு நாற்பது நாள் திசு எப்போதும் பினாமிதான்.

தேர்வில் மறந்துபோகும் இன்னொரு காரணி, மரபணுவைச் சுமந்துபோகும் வைரஸ் என்ற பெட்டியின் அளவு. பின்னாளில் மரபணு சிகிச்சை என்ற கனவோடு தொடங்குபவர்கள் இதை முதல் நாளே கணக்கிட வேண்டும். இதயத்தை நன்றாகச் சென்றடையும் ஏஏவி9 வைரஸ் ஏறத்தாழ 4.7 கிலோபேஸ்தான் சுமக்கும். மயோசினைப் பிணைக்கும் சி புரதத்தின் குறிப்பகுதி (புரதத்தை எழுதும் மரபணுப் பகுதி) 3.8 கிலோபேஸ், உள்ளே அடங்கும். பீட்டா மயோசின் 5.8, அடங்காது. டைட்டின் என்ற மாபெரும் தசைப்புரதம் 100 கிலோபேஸையும் தாண்டும், பேச்சுக்கே இடமில்லை. அதே காரணத்தால்தான் 2023இல் 403 பிழையைச் சுண்டெலியில், ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் எழுத்துத் திருத்தி என்ற கருவியால் சரிசெய்த ஆய்வில், ஒரே பெட்டியில் அடங்காத அந்தத் திருத்தியை இரண்டாகப் பிரித்து இரண்டு வைரஸ்களில் ஏற்றினார்கள். பெட்டி அடங்கினாலும் வெற்றி உறுதியில்லை. கால்சியத்தை உள்ளிழுக்கும் செர்கா2ஏ பம்பின் மரபணுவை ஏஏவி1 வைரஸில் ஏற்றித் தளர்ந்த இதயங்களுக்குக் கொடுத்தபோது, விலங்குகளும் 39 நோயாளிகள் கொண்ட ஆய்வும் நம்பிக்கை தந்தன. 250 நோயாளிகளைக் கொண்ட அடுத்த ஆய்வில் பலன் தெரியவில்லை. முடிவு 2016இல் வெளியானது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மரபணு ஒரு மின்வாயில் என்றால் நான் தயங்காமல் திருத்திய இணையோடு கூடிய ஐபிஎஸ் செல்லுக்குப் போவேன், மேற்கொண்டு முழு இதயம் வேண்டுமென்றால் முயலாய்வு செய்யும் குழுவோடு சேர்வேன், சுண்டெலியைத் தொடமாட்டேன். இதயம் உருவாகும் நாட்களில் வேலை செய்யும் மரபணு என்றால் மீனில் தொடங்கி, அறைச்சுவர் பற்றிய கேள்வி வரும்போது சுண்டெலிக்கு நகர்வேன். புரதத்துக்கே குறிப்புத் தராத பகுதியில் மாற்றம் இருந்தால், மனித செல்லைத் தவிர வேறு வழி சரிப்படாது: 2007இல் இதயத் தமனி நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட 9ஆம் குரோமோசோம் பகுதியில் புரத மரபணுவே இல்லை, அங்கிருக்கும் எழுத்துகள் சுண்டெலியில் சரியாகப் பொருந்துவதுமில்லை. சுருங்கும் இயந்திரத்தின் புரதம் என்றால் இரண்டும் தேவை. விசைக்கு மனித செல், ஆண்டுக்கணக்கில் படரும் நார்த்திசுவுக்குச் சுண்டெலி. ஓராண்டும் ஒரு மாணவரும் மட்டுமே இருந்தால் மனித செல்லை எடுங்கள். சுண்டெலியைப் பாதியில் நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

அந்த அண்ணன் தம்பிக்கு வருகிறேன். அவர்களுடையது சுருங்கும் இயந்திரத்தின் பிழை. எழுத்து ஒன்றுதான், ஒருவருக்கு நோய், ஒருவருக்கு இல்லை. சுண்டெலியில் அந்த எழுத்தை எழுதினால் அண்ணனின் கதை மட்டும் தெரியக்கூடும். தம்பியைக் காப்பது அவருடைய மற்ற எழுத்துகளா என்பதை எந்தச் சுண்டெலியாலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த எழுத்துகள் அவரிடம் மட்டுமே இருக்கின்றன. நான் இருவரிடமும் அனுமதி கேட்டு இரத்தம் எடுப்பேன். அண்ணனின் செல், திருத்திய அண்ணனின் செல், தம்பியின் செல், திருத்திய தம்பியின் செல் என்று நான்கு வரிசை வளர்ப்பேன். நான்கையும் ஒரே நாளில், ஒரே கையால், எது யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியாதபடி பெயரை மறைத்து அளக்க வேண்டும்.